திறன்பேசி விழிக்காவிடில் என் செய்வது?

(காஜாங் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகளிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, நிரைக்குப் புறப்படும் வேளையில் கைப்பேசியின் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரை கறுத்தே கிடக்கின்றது. மறுபடியும் அழுத்துகிறீர்கள், பயனில்லை. அத்தகைய வேளையில் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இஃது என்ன பெரிய செய்தி, கடையில் கொடுத்தால் சரி செய்து தருகிறான் என்று சிலர் நினைக்கலாம். முன்னாளில் அப்படி நினைத்திருக்கலாம். இன்றோ உங்கள் சம்பளம் வங்கிக் கணக்கிற்கு வருகின்றது. அந்தப் பணத்தைப் பிள்ளைக்கு அனுப்புவதற்கு அனுமதி தருவது கைப்பேசியே. ஊழியர் சேமநிதியில் எவ்வளவு உள்ளது என்று பார்ப்பதும், 2024 மே மாதம் தொடங்கப்பட்ட மூன்றாம் கணக்கிலிருந்து பணம் எடுக்க விண்ணப்பிப்பதும் அதன் வழியே நடைபெறுகின்றன. தேசிய வங்கியான பேங்க் நெகாரா, 2022 செப்டம்பரில் அறிவித்த பாதுகாப்பு நடவடிக்கைகளுள் ஒன்று, வங்கி அனுமதியை ஒருவர் ஒரே ஒரு கைப்பேசியில் மட்டுமே வைத்திருக்கலாம் என்பதாகும். மோசடிக்காரர்களைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்த ஒரு கைப்பேசி உறங்கிவிட்டால் உங்கள் பணப்பெட்டியின் சாவியும் உறங்கிவிடுகின்றது. புதிய பேசியில் பதிவு செய்துகொண்டாலும் உடனே பெருந்தொகை அனுப்ப இயலாது. சில மணி நேரம் பொறுத்திருக்குமாறு வங்கி நிறுத்தி வைக்கும். பள்ளிக் கட்டணத்தின் கடைசி நாளில் இது நேர்ந்தால் எவ்வளவு தொல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கருவியைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு ஒரு பழைய செய்தியையும் சொல்லி விடுகிறேன். தகவல் தொடர்பு என்பது தோட்டத்து மக்களுக்கு அந்நியமானதன்று. 1851-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் தந்திக் கம்பி போட்டபோது, உப்புநீர் உள்ளே புகாதபடி அந்தக் கம்பியைப் போர்த்தியது எது தெரியுமா? மலாய்த் தீவுக்கூட்டத்துக் காடுகளில் வளரும் மரத்தின் பாலிலிருந்து கிடைத்த கெட்டா பெர்ச்சா என்னும் பிசின்தான். ரப்பர் பாலுக்கு அது பெரியப்பன் பிள்ளை எனலாம். பிற்பாடு 1890-களில் இக்காஜாங் மண்ணிலேயே, இஞ்ச் கென்னத் தோட்டத்தில், கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் நட்டனர். அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 2017 முதல் எம்.ஆர்.டி. ரயிலும் காஜாங் வரை வந்துவிட்டது. எஞ்சியிருக்கும் நிரைகளில் பால் வெட்டுகின்ற உங்கள் சட்டைப் பையிலோ திறன்பேசி இருக்கின்றது.

இனி விஷயத்திற்கு வருவோம். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் ஆதலால் கரும்பலகை இல்லாமல் பேசுவது எனக்குச் சற்றுச் சிரமம், பொறுத்துக்கொள்வீர்களாக.

முதன்முதலில் கண்டறிய வேண்டியது, பேசி இறந்துவிட்டதா அல்லது கண் மட்டும் தெரியவில்லையா என்பதாகும். பக்கத்து வீட்டாரின் பேசியிலிருந்து உங்கள் எண்ணுக்கு அழையுங்கள். மணி அடித்தாலோ, உடல் அதிர்ந்தாலோ, பேசி உயிரோடுதான் இருக்கின்றது. கெட்டது திரை மட்டுமே. அவ்வாறாயின் உள்ளே இருக்கும் படங்களும் எண்களும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். சில வேளைகளில் திரையின் வெளிச்சம் மட்டும் குறைந்து போயிருக்கும். இருட்டறையில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் மங்கலாக எழுத்துத் தெரியும். இந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. இதைச் செய்யாமல் கடைக்கு ஓடுகிறவனிடம் கடைக்காரர், உள்ளே பலகையே போய்விட்டது என்று சொன்னால் அவன் என்ன பதில் சொல்ல முடியும்?

அடுத்து மின்சாரம். பேட்டரிக்கு மின்கலம் என்று நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. ஆனால் லயத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் பேட்டரி என்றே சொல்லுகிறேன். இப்போதைய பேசிகளில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டு வந்தது. இதனை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. குட்இனஃப் அப்போது 97 வயது முதியவர்! இந்தப் பேட்டரி நிரம்பியிருக்கும்போது சுமார் 4.2 வோல்ட்டு காட்டும். முழுக்க வற்றிச் சுமார் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால், சார்ஜரை மாட்டிய உடனே பேசி முழு வேகத்தில் மின்சாரத்தை உள்ளே விடாது. பல நாள் பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சித் தண்ணீரைத்தானே கொடுக்கிறோம், அதுபோலச் சிறுகச் சிறுக ஏற்றும். அந்த நேரத்தில் திரையில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு, செத்துப் போச்சு என்று பிடுங்கி எறிபவர்கள் இங்கேதான் தவறுகின்றனர். குறைந்தது அரைமணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், தொடாமல் விட்டுவையுங்கள். பலருடைய பேசி இந்த ஒரு மணி நேரப் பொறுமையிலேயே விழித்துக் கொள்ளும்.

அப்படியும் விழிக்கவில்லை என்றால் குற்றம் பேசியில் இல்லாமல், அதற்கு மின்சாரம் வரும் வழியில் இருக்கலாம். சுவரிலுள்ள சுவிட்சு சரியா என்பதை மேசை விளக்கையோ மின்விசிறியையோ மாட்டிப் பாருங்கள். பிறகு வேறொருவரின் சார்ஜர், வேறொரு கம்பி. கம்பியே பெரும்பாலும் முதலில் கெடுவது. மோட்டார் சைக்கிள் பெட்டியில் சுருட்டி நசுக்கி வைத்த கம்பி உள்ளுக்குள் அறுந்திருக்கும், வெளித்தோல் மட்டும் பளபளவென்றிருக்கும். இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சார்ஜர்களை வாங்குகிறவர்கள், மேலே சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். சில வெள்ளியை மிச்சம் பிடித்து, சில நூறு வெள்ளிப் பேசியைக் கெடுத்துக்கொள்வது கணக்குக்கு ஒத்துவராது. இன்னொன்று: கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று. மாலையில் வானம் கறுத்து இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

இப்போது உங்களுக்கென்றே உள்ள ஒரு சங்கதி. நகரத்தில் வேலை செய்பவரின் பேசியில் புகாத பொருள்கள் உங்கள் பேசியில் புகுகின்றன. பால் வெட்டும்போது பேசி எங்கே இருக்கின்றது? கால்சட்டைப் பையில், அல்லது இடுப்புத் துணியில். மங்கிலிருந்து வாளிக்குப் பாலை ஊற்றும்போது தெறிக்கும் துளி ஒன்று, சார்ஜர் மாட்டும் துவாரத்தில் விழுந்தால் போதும். அங்கேயே உறைந்து மெல்லிய தோலாகப் படிந்துவிடும். அதன்மேல் மரப்பட்டைத் தூளும் வியர்வை உப்பும் சேர்ந்துகொள்ளும். பிறகு எத்தனை நல்ல சார்ஜரை மாட்டினாலும் முனையோடு முனை தொடாது. பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கக்கூடியது. பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும் உலோகத்துக்குப் பகையே. ஆகவே அவற்றைக் கையாண்ட கையை நன்றாகக் கழுவித் துடைக்காமல் கைப்பேசியைத் தொடாதீர்கள். மரத்தடியில் இருக்கும்போது பேசியை வாய் இறுக்கிய பிளாஸ்டிக் பையில் போட்டு, சட்டையின் மேற்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துவாரத்தைச் சுத்தம் செய்யும் முறையைக் கவனமாகக் கேளுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். நல்ல வெளிச்சத்தில் துவாரத்தின் உள்ளே பாருங்கள். மரத்தாலான பல்குச்சியின் முனையால், ஓரத்தில் மட்டும், மெதுவாகச் சுரண்டி அழுக்கை வெளியே கொண்டு வாருங்கள். நடுவில் நாக்குப்போல் ஒரு சிறு தகடு நிற்கும் பேசிகளில் அதை அசைக்கக்கூடாது. அது முறிந்தால் செலவுதான். ஊசி, ஹேர்ப்பின், பாதுகாப்பு ஊக்கு, பால்வெட்டுக் கத்தியின் முனை (சிரிக்காதீர்கள், அதையும் செய்கிறவர்கள் உண்டு), இவை எதுவும் உள்ளே போகக்கூடாது. வாயால் ஊதினால் எச்சில் போகும். தண்ணீரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். உறைந்த பால்தோல் சில வேளைகளில் ஒரே இழுப்பில் முழுதாகக் கழன்று வந்துவிடும்.

மின்சாரம் சரியாகப் போய்ச் சேர்கின்றது, ஆனாலும் திரை எழும்பவில்லை என்றால், பேசியின் மூளை எங்கோ சிக்கிக்கொண்டு நிற்கின்றது என்று பொருள். அதனை வலுக்கட்டாயமாக மீண்டும் தொடங்கச் செய்ய வேண்டும். சாம்சுங் பேசியில் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒருசேர அழுத்தி, பத்து எண்ணும் வரை விடாதிருங்கள். ஐபோனில், எட்டாம் வரிசை முதல் வந்தவற்றுக்கு, ஒலியைக் கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு, குறைக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு, பின் பக்கவாட்டுப் பொத்தானை ஆப்பிள் சின்னம் தோன்றும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் பேசிகள் பலவற்றில் மின்பொத்தானை மட்டும் முப்பது எண்ணும் வரை அழுத்தினால் போதும். இவ்வாறு செய்வதால் உங்கள் படங்களோ செய்திகளோ அழிவதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்துகையில், கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் சிறு எழுத்துப் பட்டியல் ஒன்று தோன்றக்கூடும். அதில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பு என்னும் கட்டளையும் இருக்கும். பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்து, ஏதாவது அழுத்திப் பார் என்று சொன்னீர்களாயின், மகளின் திருமணப் படங்கள் அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும். அந்தப் பட்டியலில் முதலில் நிற்கும், மறுபடி தொடங்கு என்னும் கட்டளையை மட்டும் தேர்ந்தெடுங்கள். நிறுவனத்தின் சின்னம் மட்டும் வந்து வந்து மறைகின்றதென்றால், அது மென்பொருள் கோளாறாகவோ உள்ளே இடம் நிரம்பி வழிவதாகவோ இருக்கலாம். அதை வீட்டில் சரிசெய்ய முயல்வதைவிட விவரம் அறிந்தவரிடம் காட்டுவதே மேல்.

மழையில் நனைந்த பேசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செமினி, புரோகா பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததன்று. நனைந்த பேசி அணைந்துவிட்டால் அதனை எழுப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தண்ணீரைவிட, தண்ணீரோடு சேரும் மின்சாரமே அதைக் கொல்லுகின்றது. சார்ஜரை மாட்டவே கூடாது. வெளியே துடைத்து, சிம் தட்டைக் கழற்றி, துவாரம் கீழ்நோக்கி இருக்குமாறு உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான நிழலில் ஒரு நாளாவது வைத்திருங்கள். அரிசிப் பானையில் புதைத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அரிசியின் நுண்துகள்கள் உள்ளே போய்க் கெடுதி செய்யும் என்பதால் அப்படிச் செய்ய வேண்டாமென்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் அறிவுறுத்தியுள்ளது. அரிசி சோற்றுக்கே இருக்கட்டும். முடி உலர்த்தும் கருவியின் சூடும், நடுப்பகல் வெயிலும் அவ்வாறே ஆகாதவை. தண்ணீர் புகாத பேசி என்று விளம்பரம் செய்யப்பட்டவை நல்ல நீரில்தான் சோதிக்கப்பட்டவை. சவர்க்காரத் தண்ணீரிலும் ரப்பர் பாலிலும் அல்ல.

சூட்டினாலும் பேசி அணையும். மோட்டார் சைக்கிளின் முன்பிடியில் வெயிலில் மாட்டி வைத்த பேசி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துகொள்ளும். நிழலில் ஆறவிட்டால் எழும். ஐஸ் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். உள்ளே நீர் வியர்க்கும்.

பேட்டரி வீங்குவதுதான் உண்மையில் அஞ்சத்தக்கது. பின்மூடி எழும்பியிருந்தாலோ, மேசைமேல் வைத்தால் பேசி ஆடினாலோ, திரை ஓரத்தில் பிளந்து நின்றாலோ, அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். 2016-இல் சாம்சுங் நிறுவனம் தன் நோட் 7 என்னும் பேசியை உலகெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதன் உற்பத்தியையே நிறுத்த நேர்ந்தது, பேட்டரிக் குறையால் தீப்பற்றியதனால்தான். பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், பெயர் தெரியாத பேட்டரியைப் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றித் தூங்குவது எத்தகைய காரியம்? பலகை வீட்டில் நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்பது லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். சார்ஜ் ஏறும் பேசி, மெத்தையையும் துணியையும் விட்டு விலகி, சிமெண்டுத் தரையிலோ ஓட்டின்மீதோ இருக்கட்டும். வீங்கிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் வீசக்கூடாது. மின்னியல் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்திலோ கடையிலோதான் ஒப்படைக்க வேண்டும். வீங்காத பேட்டரியும் கிழடு தட்டத்தான் செய்யும். சுமார் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவது இயல்பு. இரண்டு மூன்று ஆண்டு உழைத்த பேசி, பாதி நாளில் திடீரென்று அணைகின்றதென்றால் புதுப் பேசி வாங்க வேண்டியதில்லை. பேட்டரியை மாற்றினாலே போதும்.

இவையெல்லாம் செய்தும் பலனில்லை என்றால் கடைக்குத்தான் போகவேண்டும். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே போங்கள். வெளிக்கடையில் ஒருமுறை திறந்துவிட்டால் அந்த உரிமை போய்விடக்கூடும். கொடுப்பதற்கு முன் சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். திரைப்பூட்டின் எண்ணைச் சொல்லாதீர்கள். பேட்டரியோ துவாரமோ மாற்றுவதற்கு அந்த எண் தேவையில்லை. திருப்பி வாங்கும்போது நீங்களே திறந்து காட்டலாம். வங்கிக்கான இரகசியக் குறியைக் கேட்கிறவர் யாராயினும், பேசியை எடுத்துக்கொண்டு வெளியேறி விடுங்கள். என்ன பழுது, என்ன கூலி என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் வாங்குங்கள். ரசீதில் கடையின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும்.

ஏன் ரசீது என்று கேட்பீர்கள். சரி செய்யாமலே கூலி வாங்கினாலோ, நல்ல பாகத்தை எடுத்துவிட்டுப் பழையதை வைத்தாலோ, மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் நீங்களே முறையிடலாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு வழிசெய்கின்றது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்றாண்டுக்குள் கொண்டு செல்லலாம். அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை. கடைக்காரரும் தாமே வரவேண்டும், நீங்களும் தாமே பேசலாம். கூலித் தொழிலாளிக்காகவே அமைந்த மன்றம் என்று சொல்லத் தோன்றுகின்றது. இருந்தும் நம்மவர்கள் ரசீதைக் கசக்கி எறிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கடைக்காரரைத் திட்டுகின்றனர்.

பேசி பல நாள் கடையில் கிடக்கும் என்று தெரிந்தால், வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்து, அந்தப் பேசியிலுள்ள அனுமதியை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து பணம் காணாமற்போனது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997 என்னும் எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்க வேண்டும்.

ஆனால் பேசி இறந்து கிடக்கையில் இந்த எண்களை எங்கே பார்ப்பது? ஆகவே இன்றிரவே ஒரு தாளை எடுத்து, மனைவி அல்லது கணவரின் எண், மூத்த பிள்ளையின் எண், கங்காணியின் எண், வங்கியின் எண், 997, ஆபத்து அவசரத்துக்கு 999 ஆகியவற்றைப் பேனாவால் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிடுங்கள். இன்னொரு பிரதியை அடையாள அட்டையோடு மடித்து வையுங்கள். பாம்பு கடித்த மனிதரை நிரையில் போட்டுவிட்டு, எண் நினைவில்லையே என்று தவிக்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது. படங்களுக்கும் ஒரு நகல் வேண்டும். பிள்ளைகளைக் கொண்டு மாதம் ஒருமுறை கணினியிலோ நினைவக அட்டையிலோ எடுத்து வைக்கச் செய்யுங்கள். இதைப் பேசி நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

எழும்பாத கைப்பேசிகளைக் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் சிலர் பின்வரிசையில் இருப்பதைப் பார்க்கிறேன். முன்னே வாருங்கள். இரண்டு மூன்று வகைக் கம்பியும், ஒரு டார்ச் விளக்கும், ஒரு கட்டுப் பல்குச்சியும் எடுத்து வந்திருக்கிறேன். தாய்மார்கள் முதலில்.